மலைக்குக் கருமாதி

கூகைமலையின் கடைசிக் கல் லாரியில் ஏறிப்போன மறுநாள், பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு, மலையின் நிழல் எப்போதும்போல வந்து எங்கள் ஊர்மேல் படுத்தது. மலை இல்லை. மலை இருந்த இடத்தில் பச்சைத் தண்ணீர் தேங்கிய பள்ளம் இருந்தது, பள்ளத்துக்கு அந்தப் பக்கம் வெறும் வானம் இருந்தது, வானத்தில் சூரியன் மறைப்பார் இல்லாமல் காய்ந்துகொண்டிருந்தது, ஆனாலும் நிழல் வந்தது. முதலில் லோடு ஏற்றுகிற மேட்டைத் தாண்டி, பிறகு மிளகாய்க் களத்தைத் தாண்டி, பிறகு பஸ் ஸ்டாண்டு, பஞ்சாயத்து ஆபீஸ், பள்ளிக்கூடம் என்று ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு, பொழுது சாய்கிறபோது கண்மாய்க் கரையில் தலையை வைத்துக் கிடந்தது. நிமிர்ந்து பார்த்தால் சூரியன் தெரியும், குனிந்து பார்த்தால் வெயில் இருக்காது.

முதலில் ஒத்துக்கொண்டவை ஆடுகள். மலை இருக்கிறதா இல்லையா என்று அவை விசாரிக்கவில்லை, நிழல் வந்ததும் போய்ப் படுத்து அசைபோட ஆரம்பித்தன. அடுத்து டீக்கடை பூவலிங்கம் வெளியே வந்து பார்த்துவிட்டு, "வந்திருச்சா" என்று சொல்லி, வெயிலுக்குக் கட்டியிருந்த சாக்குப் படுதாவைச் சுருட்டி மேலே செருகினார். அவ்வளவுதான் ஆச்சரியம். ஊரில் யாரும் கத்தவில்லை, யாரும் சாமியாடவில்லை. இத்தனை வருசமாக வந்துகொண்டிருந்தது ஒருநாள் வராமல் இருந்திருந்தால்தான் கேட்டிருப்பார்கள்.

எங்கள் ஒன்றியத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், நிறைய இல்லை. பார்க்கிற இடம் என்று இருந்ததெல்லாம் மலைமேல்தான் இருந்தது. சமணர்கள் படுத்ததாகச் சொல்கிற வழுவழுப்பான கல் படுக்கைகள், வற்றாத சுனை ஒன்று, உச்சியில் கார்த்திகைக்கு விளக்கேற்றுகிற கல்தூண், தூணுக்குப் பக்கத்தில் பாறையைப் பிளந்துகொண்டு நின்ற ஒற்றை இச்சி மரம். படுக்கைகள் அறுபட்டுப் பாலீஷ் ஆகிப் போய்விட்டன, எந்த ஊர் அடுப்படியில் யார் அதன்மேல் வெங்காயம் நறுக்குகிறார்களோ. 'இது பாதுகாக்கப்பட்ட சின்னம், சேதப்படுத்துவோர் தண்டிக்கப்படுவர்' என்ற நீல போர்டு மட்டும் பள்ளத்தின் ஓரத்தில் இன்னும் நிற்கிறது, எதைப் பாதுகாக்கிறோம் என்று அதற்கே தெரியாது. தொழில் என்று கேட்டால், மலையை விற்பதற்கு முன்னால் மிளகாயும் கடலையும், விற்கிறபோது மலை, விற்றுத் தீர்ந்தபிறகு ஒன்றுமில்லை. படித்தவர்கள் இதற்கு வேறு வார்த்தை வைத்திருப்பார்கள். நான் பிளஸ் ஒன்னிலேயே நின்றுவிட்டேன், எனக்கு 'ஒன்றுமில்லை' என்றுதான் வரும்.

என் அண்ணன் பெயர் மலையரசு. மலையில் துளை போடுகிற மெஷின் ஓட்டினான். மெஷினை வலது தோளில் வைத்துக்கொண்டு இடது பக்கமாகச் சாய்ந்து நடப்பான், மெஷின் இல்லாதபோதும் அப்படித்தான் நடப்பான், இடுப்பில் தண்ணிக்குடத்தோடு பிறந்தவன் மாதிரி என்று நான் கிண்டல் செய்வேன். மலை தீர்வதற்கு முந்தின வருசம், ஒரு மத்தியானம், அவன் நின்ற இடத்துக்கு மேலே இருந்த பாறை, எங்கள் பஸ் ஸ்டாண்டு அளவுக்குப் பெரியது, அடுக்கிலிருந்து கழன்று உட்கார்ந்துவிட்டது. உட்கார்ந்த சத்தம் ஊரில் எல்லாருக்கும் கேட்டது. அந்தப் பாறையைத் தூக்கினால் அவன் இருப்பான், அவன் இருந்தால் போலீஸ் வரும், போலீஸ் வந்தால் குவாரியை மூடுவார்கள், மூடினால் ஊரில் யார் வீட்டிலும் உலை கொதிக்காது. அதனால் அந்தப் பாறையை மட்டும் அறுக்காமல் விட்டார்கள், இப்போது பள்ளத்துத் தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது. அன்றைக்குச் சாயங்காலமே குவாரி மேனேஜர், "அந்தப் பையன் காலையிலேயே கேரளாவுக்குப் போயிட்டானாமே" என்றார். "ஆமா, பையத் தூக்கிக்கிட்டுப் போனான்" என்றார் பூவலிங்கம். "குமுளி பஸ்ஸுல ஏறுறதப் பார்த்தேன்" என்றார் பஞ்சாயத்துத் தலைவர் ராசாங்கம், அவர் எங்களுக்குச் சித்தப்பா முறை.

அன்றிலிருந்து என் அண்ணன் கேரளாவில் வாழ ஆரம்பித்தான். ஒருத்தர் அவனை ஏலக்காய்த் தோட்டத்தில் பார்த்ததாகச் சொன்னார், இன்னொருத்தர் போனில் பேசினதாகச் சொன்னார், தை மாதம் அவனுக்கு அங்கேயே கல்யாணம் ஆனது, பெண் நல்ல சிவப்பாம், அடுத்த மழைக்குள் ஒரு பிள்ளையும் பிறந்துவிட்டது, பிள்ளைக்கு எங்கள் அப்பா பெயரை வைத்திருக்கிறான் என்று சந்தையில் ஒரு பெண் ஆத்தாவிடம் சொல்லி அழுதாள். எங்கள் ஊர்க்காரர்கள் மோசமானவர்கள் இல்லை. ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு அதைப் பட்டினி போட அவர்களுக்கு மனசு வரவில்லை, வேளாவேளைக்குச் சோறு போட்டு வளர்த்தார்கள். ஆத்தா நம்பினாள். இத்தனை பேர் கண்ணால் பார்த்ததை ஒருத்தி எப்படி நம்பாமல் இருப்பாள்? கல் தூசியில் இருமி இருமி அப்பா முன்னாலேயே போய்விட்டதால் அவளுக்கு மிச்சம் இருந்தது அவனும் நானும்தான், அதிலும் பொம்பளைப் பிள்ளை நான் கணக்கில் பாதிதான்.

நிழல் வர ஆரம்பித்து ஒரு வாரம் இருக்கும், கண்மாயில் துணி துவைக்கப் போன ஆத்தா ஈரச் சேலையோடு ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். நிழலின் தலை கரையில் கிடந்தது. விளக்குத்தூணின் நிழல் ஒரு விரல் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது, பக்கத்தில் இச்சி மரத்தின் நிழல், இலையெல்லாம் காற்றில் அசைந்துகொண்டிருந்தது, அந்த மரத்துக்கும் தூணுக்கும் நடுவே ஒரு ஆள், வலது தோளில் நீளமாக எதையோ வைத்துக்கொண்டு, இடது பக்கம் சாய்ந்து, போவதும் வருவதுமாக நடந்துகொண்டிருந்தான்.

"பாத்தியாடி ஒங்கண்ணன்" என்றாள் ஆத்தா.

எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. எதுவுமே மறைக்கத் தெரியாத வாய் எனக்கு. "ஆத்தா, அந்த மரம் இப்ப உசுரோட இருக்கா?" என்றேன்.

"இல்ல."

"தூணு இருக்கா?"

"அதத்தான் ஒடச்சுட்டாகளே."

"இல்லாததெல்லாம்தான் அங்க இருக்கு. அதுக்கு நடுவுல இவன் இருக்கான். அப்ப என்னா அர்த்தம்?"

ஆத்தா என்னைப் பளாரென்று அறைந்தாள். பிறகு கரையில் உட்கார்ந்து, பொழுது அடைகிறவரைக்கும் அந்த நிழலைத் தடவிக்கொண்டே இருந்தாள். அதற்கு மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும். நிழல் வருகிற நேரத்துக்குக் களத்து வேலையைப் போட்டுவிட்டுப் போய்விடுவாள், அதனால் களத்தில் அவளை வேண்டாம் என்றார்கள், அவளுக்குப் பதிலாக நான் போனேன், அப்படித்தான் என் படிப்பு நின்றது. சாயங்காலம் சட்டியில் சோறு தூக்கிக்கொண்டு போவாள், அவன் நிழலின் வாய் இருக்கிற இடம் பார்த்து மண்ணில் ஒரு கவளம் வைப்பாள், எறும்பு தின்னும். எனக்கு என்ன வேண்டியிருந்தது என்றால், ஒரே ஒரு ஆள், ஊரில் யாராவது ஒரே ஒரு ஆள், வந்து அவளிடம் "அவன் செத்துப் போயிட்டான்" என்று சொல்லவேண்டும். நான் சொன்னால் அறை விழும். ஊர் சொன்னால் அழுவாள், அழுதால் வீட்டுக்கு வருவாள்.

இதற்குள் நிழலைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். டிவிக்காரர்கள் வந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் வேன்கள் வந்தன, வேனுக்குப் பின்னால் கரும்புச்சாறு வண்டியும் பலூன்காரனும் வந்தார்கள். ராசாங்கம் சித்தப்பா பள்ளத்தைச் சுற்றிக் கம்பி கட்டி, 'நிழல்மலை சுற்றுலாத் தலம்' என்று போர்டு வைத்து, வாகனம் நிறுத்துமிடம் என்று மிளகாய்க் களத்தைக் காட்டினார். களம் போனதும் என்னை விளக்கம் சொல்கிற வேலைக்கு வைத்தார். நான் ஒரு கம்பை வைத்துக்கொண்டு, "இதுதான் சமணர் படுக்கை இருந்த இடம், நிழல்ல ஒரு குழி மாதிரி தெரியுது பாருங்க, இது சுனை, உள்ள தண்ணி ஆடுது பாருங்க" என்று சொல்லிக்கொண்டே வந்து கண்மாய்க் கரையில் முடிப்பேன்.

"அந்த ஆளு யாரும்மா, நடக்கிறாரே?" என்று ஒரு கண்ணாடிபோட்ட அம்மா கேட்டார்.

"எங்கண்ணன். மலைக்கு அடியில கெடக்கான்."

அந்த அம்மா "ஐயோ" என்று சொல்லிவிட்டு, நிழலின் தோள்மேல் தன் கை படுகிற மாதிரி நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்.

விசயம் சித்தப்பா காதுக்குப் போனது. "ஏ பாப்பா, ஆடு மேய்க்கிறவன்னு சொல்லு" என்றார்.

"ஆடு எங்கன்னு கேப்பாங்களே."

"மலைக்கு அந்தப் பக்கம் மேயுதுன்னு சொல்லு."

"எந்த மலைக்கு?"

அவர் என்னை முறைத்துவிட்டுப் போனார். நான் தொடர்ந்து எங்கண்ணன் என்றே சொன்னேன், வந்தவர்கள் தொடர்ந்து போட்டோ எடுத்தார்கள், ஆத்தா தொடர்ந்து கவளம் வைத்தாள், அவளையும் சேர்த்து எடுத்தார்கள். பிறகு எல்லாருக்கும் சலித்துவிட்டது. நிழல் என்றால் நிழல்தானே, எவ்வளவு நேரம்தான் பார்ப்பது. வேன்கள் குறைந்தன, பலூன்காரன் வேறு ஊர்த் திருவிழாவுக்குப் போனான், கரும்புச்சாறு வண்டி துருப்பிடித்து நின்றது. வருமானம் நின்ற பிறகுதான் ஊருக்கு நிழல் குளிர ஆரம்பித்தது. துணி காய மாட்டேனென்கிறது என்றார்கள், வத்தல் பூத்துப்போகிறது என்றார்கள், பிள்ளைகளுக்குச் சளி விடமாட்டேனென்கிறது என்றார்கள். மலை இருந்த காலத்திலும் இதே நிழல், இதே நேரம், இதே அளவுதான். அப்போது யாரும் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. மலையைத் தின்றுவிட்டுக் கையைக் கழுவியாயிற்று, எச்சில் இலை ஏன் இன்னும் கிடக்கிறது என்கிற கோபம்தான்.

அந்த நேரம் பார்த்துத்தான் சோலார் கம்பெனி வந்தது. பள்ளத்துக்கும் ஊருக்கும் நடுவே இருக்கிற பொட்டல் முழுக்கக் கண்ணாடிப் பலகை பதிப்பார்களாம், வீட்டுக்கு ஒருத்தருக்கு வேலையாம். அளக்க வந்த எஞ்சினியர் சின்ன வயசுக்காரர், காலையில் வெயிலைப் பார்த்துச் சந்தோசப்பட்டார், மத்தியானத்துக்குமேல் நிழல் வந்து அவர் ஷூமேல் ஏறியது. மேலே பார்த்தார், கீழே பார்த்தார், வரைபடத்தில் ஏதோ கோடு போட்டார்.

"இது எதோட நிழல்?"

"மலையோடது சார்" என்றார் சித்தப்பா.

"மலை எங்க?"

"வித்தாச்சு சார்."

"நிழலோட சேத்து விக்க வேண்டியதுதானே? இது உங்க லோக்கல் பிரச்சினை. நீங்கதான் கிளியர் பண்ணித் தரணும்" என்று சொல்லிவிட்டு எஞ்சினியர் ஜீப்பில் ஏறினார்.

அந்தி நேரத்தில் மந்தையில் கூட்டம் போட்டார்கள். கோர்ட்டுக்குப் போகலாம் என்றான் ஒருவன், யார்மேல் கேஸ் போடுவது என்று தெரியவில்லை. பள்ளத்தை மூடிவிடலாம் என்றான் இன்னொருவன், மூடுவதற்கு ஒரு மலை மண் வேண்டும். கடைசியில் பூவலிங்கம்தான், டீ ஆற்றுகிற மாதிரியே நிதானமாகச் சொன்னார்: "செத்ததுக்குச் செய்யவேண்டியதச் செய்யல. செய்யாம விட்டா அது எப்பிடிப்பா வாசலவிட்டுப் போகும்? மனுசன் போனா பதினாறாம் நாள் கருமாதி செய்யிறோம். மலைக்கு யாரு செஞ்சா?"

எல்லாருக்கும் இது சட்டென்று புரிந்தது. இவ்வளவு நாள் தோன்றாமல் போனதற்கு ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கொண்டார்கள். ஆனால் கருமாதி என்றால் வாரிசு வேண்டும், வாரிசுதான் மொட்டை போட்டு உட்கார்ந்து பிண்டம் வைக்கவேண்டும், மலைக்கு யார் வாரிசு?

"ஆண்டு அனுபவிச்சவன் வாரிசு. குவாரி மொதலாளியக் கூப்பிடுங்க."

"அவரு மெட்ராசுல இருக்காரு, மால அனுப்புறேங்கிறாரு."

"வெடி வச்சவன் வாரிசு."

வெடி வைத்தவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"அப்ப லாரி ஓட்டுனவன்? கல்லு அறுத்தவன்? சமையல் பண்ணிப் போட்டவன்? மலைக் காசுல பொண்ணக் கட்டிக் குடுத்தவன்? யார விடுறது?" என்று சித்தப்பா எழுந்தார். "எல்லாருந்தாம்ப்பா தின்னோம். எல்லாரும் பங்காளிதான். எல்லாரும் மொட்ட போடுவோம்."

அதை மட்டும் நான் குறை சொல்லமாட்டேன். அவர் அதை உண்மையாகத்தான் சொன்னார்.

கருமாதிக்கு முன்னால் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் கொடுத்த டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார். "மதினி, மலையோட போன ஒவ்வொண்ணுக்கும் பேரச் சொல்லிப் பிண்டம் வப்பாக. பேரச் சொல்லி வச்சாத்தான் அது போகும். மரம், தூணு, சுனை, எல்லாம் சொல்லுவோம். மலையரசு பேரச் சொல்லமாட்டோம். நீங்க பயப்படாதீக."

"அவன எதுக்குக் கொழுந்தனாரே சொல்லணும், அவன் நல்லாருக்கான்" என்றாள் ஆத்தா.

"சொல்லுங்க சித்தப்பா" என்றேன் நான். "அவன் பேரையும் சொல்லுங்க."

"உசுரோட இருக்கிறவன் பேர எப்பிடித்தா கருமாதியில சொல்றது? அபசகுனமாப் பேசாத."

"ஒங்களுக்குத் தெரியும்."

அவர் டீயைப் பார்த்தார். டீயில் ஆடை கட்டிவிட்டது. "ஊருல இத்தன பேரு ஒரு சொல்லு சொல்லிட்டோம்" என்றார். "ஒருத்தன் மாத்துனா எல்லாரும் மாத்தணும். எல்லாரும் மாத்துனா நாங்க யாரு பாப்பா?" அன்றைக்கு ஆத்தாவும் அவரும் ஒரே கட்சி, நான்தான் எதிர்க்கட்சி.

கருமாதியன்று காலையிலேயே கண்மாய்க் கரையில் ஊர் கூடியது. நாவிதர்கள் பத்தாமல் பக்கத்து ஊர்களிலிருந்து கூட்டிவந்தார்கள். மொட்டைத்தலைகள் வரிசையாக வெயிலில் மின்னின, அறுத்துப் பாலீஷ் போட்ட கல் மாதிரி. வாரிசுக்குத் தாய்மாமன் வீட்டார் தலையில் உருமா கட்டவேண்டும் என்பது எங்கள் பக்கத்து முறை, மலைக்குத் தாய்மாமன் யார் என்று யோசித்து, மேற்கே இருக்கிற சின்னக் குன்று ஓணாங்கரடுதான் என்று முடிவுசெய்து, அந்தக் கரட்டடி ஊர்க்காரர்களை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்திருந்தார்கள். அவர்களும் கோடித்துண்டு சுமந்து வந்து, ஒவ்வொரு மொட்டையிலும் கட்டிவிட்டு, யாரோடும் பேசாமல் ஒதுங்கி நின்றார்கள். அவர்கள் கரட்டிலும் அளக்கிற ஆட்கள் வந்துபோயிருந்தார்கள். தங்கள் வீட்டுச் சாவை முன்கூட்டியே பார்க்கிறவர்கள் மாதிரி இருந்தது அவர்கள் முகம்.

மலைக்கு எது பிடிக்கும் என்று படையலுக்கு முன்னால் ஒரு சண்டை. கிடாக்கறி என்றார்கள், பொங்கல் என்றார்கள், ஒரு மலை கறி தின்னுமா என்றார்கள். கடைசியில் எல்லாவற்றையும் வைத்து, மழைதான் அதற்கு ரொம்பப் பிடிக்கும் என்று ஒரு குடம் தண்ணீரை உயரத்திலிருந்து ஊற்றினார்கள். பிறகு சடங்கு செய்கிற முத்திருளன் பெயரைச் சொல்லச் சொல்ல, ஊர் முழுக்க அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்லி ஒரு உருண்டை வைத்தது. வாரிசுகள் திருப்பிச் சொன்னால்தான் அந்தப் பெயருக்குப் பங்கு சேரும்.

"கூகைமலையே!" "கூகைமலையே!" "இச்சி மரமே!" "இச்சி மரமே!" "விளக்குத்தூணே!" "விளக்குத்தூணே!" சுனையைச் சொன்னார்கள், படுக்கையைச் சொன்னார்கள், பாறைத் தேனைச் சொன்னார்கள், பொந்தில் இருந்த கூகைகளைச் சொன்னார்கள், ஆடு ஏறின தடத்தைச் சொன்னார்கள், எத்தனை பேர் இருந்தோமோ அத்தனை பேர் குரலும் ஒன்றாகச் சேர்ந்து கண்மாய்த் தண்ணீர்மேல் போய்த் திரும்பி வந்தது, எனக்கே உடம்பு சிலிர்த்தது, அழுகை வந்தது, அந்த நேரம் கேட்டால் அவர்கள் எல்லாரையும் மன்னித்திருப்பேன். முத்திருளன் முடித்துவிட்டுத் தேங்காயை எடுத்தார்.

நான் கத்தினேன். "மலையரசே!"

ஒருத்தரும் திருப்பிச் சொல்லவில்லை.

இன்னொரு தரம் கத்தினேன். உருமா கட்டின தலைகள் எல்லாம் ஒன்றுபோலக் குனிந்தன. பூவலிங்கம் உதடு அசைந்த மாதிரி இருந்தது, சத்தம் வரவில்லை. மூன்றாம் தரம் கத்துவதற்குள் ஆத்தா பின்னாலிருந்து வந்து என் வாயைப் பொத்திவிட்டாள். உருண்டைகளுக்கு முன்னால் அவ்வளவு நேரம் காத்திருந்த காக்கைகள் இறங்கி வந்து, எந்தக் குறையும் வைக்காமல், எல்லாவற்றையும் தின்றுவிட்டுப் போயின.

மறுநாள் நிழல் வரவில்லை. மத்தியானம் போய், பள்ளிக்கூடம் விடுகிற நேரமும் போய், வெயில் அப்படியே நின்றது. ஜனங்கள் வாசலுக்கு வந்து வெயிலில் கையை நீட்டிப் பார்த்தார்கள். போர்வைகளைக் கொண்டுவந்து உதறிக் காயப்போட்டார்கள். யாரோ வெடி போட்டார்கள். ஆத்தா சோற்றுச் சட்டியோடு கண்மாய்க் கரையில் நின்று வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் அவளைக் கூட்டிவரப் போனேன், முடிந்தது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

அப்போது மேற்கே பள்ளத்தின் பக்கமிருந்து ஒரே ஒரு நிழல் புறப்பட்டது. மலை இல்லை, மரம் இல்லை, தூண் இல்லை. ஒரு ஆள் மட்டும். வலது தோளில் மெஷின், இடது பக்கம் சாய்ந்த நடை. மலை உச்சியின் உயரத்தில் நடக்கிறவனுடைய நிழல் என்பதால் அவ்வளவு பெரிதாக, அவ்வளவு நீளமாக இருந்தது. இவ்வளவு நாளும் மலை நிழலின் முதுகில் அங்கேயும் இங்கேயுமாக நடந்தவனுக்கு இப்போது நடக்க முதுகு இல்லை, அதனால் நேராக ஊருக்குள் வந்தான். பொட்டலைத் தாண்டினான், பஸ் ஸ்டாண்டில் நின்றவர்கள்மேல் நடந்தான், டீக்கடைச் சுவரில் கால் முதல் தலைவரைக்கும் ஏறி இறங்கினான், பஞ்சாயத்து ஆபீசின் வெள்ளைச் சுவரில் மெஷினோடு ஒரு நிமிசம் நின்றான், பிறகு தெருத்தெருவாக, வீடுவீடாக, ஒரு வாசலும் விடாமல் போனான். பூவலிங்கம் கடைக்குள் போய்ப் பலகையை இழுத்து மூடினார். காயப்போட்ட போர்வைகளை யாரும் எடுக்கவில்லை, அவன் அவற்றின்மேல் நடந்துபோனான்.

அதற்கும் ஊர் பழகிவிட்டது. அவன் வருகிற நேரத்துக்குக் கதவைச் சாத்துகிறார்கள், வாசலில் பிள்ளைகளை விடுவதில்லை, அந்த நேரத்தில் நல்ல காரியம் எதுவும் வைப்பதில்லை. கம்பெனி பலகைகளைப் பதித்துவிட்டது. அவன் கடக்கிறபோது வரிசை வரிசையாகக் கரண்டு நின்று வரிசை வரிசையாகத் திரும்ப வருகிறது, எஞ்சினியர் அதையும் வரைபடத்தில் குறித்துக்கொண்டார். யாரும் அது யார் என்று கேட்பதில்லை. மொட்டைகளில் முடி வளர்ந்துவிட்டது.

ராசாங்கம் சித்தப்பா மட்டும் ஒருநாள் வந்தார். அவர் வீட்டுக் கூடத்துச் சுவரில் அவன் தினமும் ஏறி இறங்குகிறானாம், அவர் சம்சாரம் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாளாம். "மதினி, தனியா ஒரு கருமாதி வச்சிருவோம்" என்றார். "ஊரே சேந்து செஞ்சு குடுக்குது. நீங்க சரின்னா போதும்."

ஆத்தா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. "யாருக்குக் கொழுந்தனாரே?"

"நம்ம மலையரசுக்கு."

"அவனுக்கென்ன? கேரளாவுல பொண்டாட்டி புள்ளையோட இருக்கிறவனுக்கு எந்த ஊருல கருமாதி செய்வாக?"

அவள் குத்திக்காட்டினாளா, நிஜமாகவே நம்பித்தான் கேட்டாளா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது, முகத்தில் ஒன்றுமே இல்லை. சித்தப்பா ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதைச் சொல்ல வாயைத் திறந்தார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். வாய் திறந்தபடியே இருந்தது, உள்ளே நாக்கு ஒரு தரம் புரண்டது, பிறகு மூடிக்கொண்டது. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

இப்போது ஆத்தா கரையில் காத்திருப்பதில்லை. அவன் பொட்டலில் இறங்குகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துகொண்டு, சாத்திய கதவுகளுக்கு நடுவே, தெருத்தெருவாக அவன் பின்னாலேயே நடக்கிறாள். ஏதோ பேசிக்கொண்டே போகிறாள், மருமகள் சௌக்கியமா, பிள்ளைக்குப் பல் முளைத்துவிட்டதா என்று. கண்மாய்த் தண்ணீருக்குள் அவன் போய் மறைந்த பிறகு வீட்டுக்கு வருவாள், வந்து ஒன்றும் சாப்பிடாமல் படுத்துக்கொள்வாள். கை கால் எல்லாம் குச்சி மாதிரி ஆகிவிட்டது.

நேற்று நான் அவர்களுக்கு முன்னால் போய்ப் பள்ளிக்கூடத்துத் தெருவில் நடுரோட்டில் நின்றேன். அவன் வந்தான். என் காலில் ஏறி, மார்பில் ஏறி, முகத்தில் ஏறினான், கல்லுக்கு அடியில் இருக்கிற மண்ணைத் தோண்டினால் ஒரு குளிர்ச்சி வருமே, அந்தக் குளிர்ச்சி. "டேய், போதும்டா" என்றேன். "அவளால நடக்க முடியலடா. நீ செத்துட்ட. நான் சொல்றேன்ல, நீ செத்துட்ட, போயிரு."

அவன் நின்றான். மெஷினை வலது தோளிலிருந்து இறக்கி, இடது தோளுக்கு மாற்றிக்கொண்டான். பிறகு என்னைத் தாண்டி, சாத்தியிருந்த அடுத்த கதவை நோக்கி நடந்தான்.

ஆத்தா பின்னால் வந்துகொண்டிருந்தாள். நான் வழியை விட்டேன்.